மதினிக்கு எல்லா ஊரிலும் ஆள்

மேல்வீட்டு மதினிக்கு எல்லா ஊரிலும் ஆள் இருந்தது. ஏரல் சந்தையில் கத்திரிக்காய் விற்கும் ஒருவர், வேம்பார் பஸ்ஸின் கண்டக்டர், காயல்பட்டினத்தில் தையல் மிஷின் வைத்திருக்கும் ஓர் அம்மா. தூத்துக்குடியைக் கேட்கவே வேண்டாம். எந்த ஊர்ப் பேச்சை எடுத்தாலும் அவர் வாயிலிருந்து முதலில் விழுவது ஒரே வாக்கியம்தான்: "அங்கன நமக்கு ஆள் இருக்கு."

எனக்கு எந்த ஊரிலும் ஆள் கிடையாது. கூடப் படித்தவளைக் கடைத்தெருவில் பார்த்தால்கூட, அவளுக்கு என்னை நினைவிருக்குமோ என்னவோ என்று யோசித்துக்கொண்டே நிற்பேன். அதற்குள் அவள் போய்விடுவாள்.

அவருக்கு எப்படி இத்தனை ஆள் என்பதை ஒருநாள் நேரில் பார்த்தேன். சாத்தான்குளம் பஸ் ஸ்டாண்டில் கொய்யாப்பழம் விற்கிற பெண்ணிடம் போய் நின்றார். விலை கேட்கவில்லை.

"என்ன ஏளா, அம்மைக்கு முட்டுவலி தேவலையா?"

அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்தாள். யார் இவர் என்று தேடுகிற பார்வை. ஆனால் பதில் அதற்கு முன்பே வந்துவிட்டது. "எங்க தேவலை அக்கா, ராத்திரியானா ஒரே அனத்தல். நீங்க..."

"எண்ணெய்ய லேசா சூடு பண்ணித் தேச்சுவிடு. வெந்நீ ஒத்தடம் குடு. சரியாயிரும்."

பையில் இரண்டு பழம் கூடுதலாக விழுந்தது. திரும்பி வரும்போது கேட்டேன்.

"அந்தப் பொண்ண உங்களுக்குத் தெரியுமா மதினி?"

"இப்பத் தெரியும்லா."

"முன்னாடி?"

"யாரு அம்மைக்குத்தான் முட்டுவலி இல்ல?" என்றார், ஒரு பழத்தைப் புடவையில் துடைத்தபடி.

இதை என் கணவரிடம் ஒரு மோசடிப் புகார்போலச் சொன்னேன். அவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுச் சிரித்தார். மறுநாள் பெயிண்ட் கடையில் வேலை செய்கிறவர்களிடமும் சொல்லிச் சிரித்திருக்கிறார். அவரை அப்படிச் சிரிக்க வைத்த எதையும் நான் அதற்கு முன் சொன்னதாக நினைவில்லை.

அவர் எனக்கு மதினி ஆனதும் இதே வழியில்தான். எங்கள் வீட்டு மாடிக்குக் குடிவந்த அன்று அவருக்கு முப்பத்தெட்டு வயது இருக்கலாம். நான் அக்கா என்று கூப்பிட்டேன். அப்படியானால் என் மகள் தர்ஷினிக்கு அவர் பெரியம்மா. "பெரியம்மாவா? கேக்கும்போதே வயசாயிருதே. அத்தைன்னு கூப்பிடு பிள்ள" என்றார். தர்ஷினி அத்தை என்று கூப்பிட்டாள். அத்தை என்றால் என் கணவருக்கு அக்கா, எனக்கு மதினி, என் மாமியாருக்கு மகள். சாமான் இறக்கிய வண்டி இன்னும் தெருவைத் தாண்டவில்லை. அதற்குள் அவர் என் புகுந்த வீட்டுப் பக்கம் போய்ச் சேர்ந்துவிட்டார். என் மாமியார், நான் பதினாலு வருடமாகச் செய்தும் ஒருமுறைகூட நன்றாயிருக்கிறது என்று சொல்லாத சொதிக் குழம்பை, மதினி மாடியில் வைத்துக் கொடுத்தால் கிண்ணத்தை வழித்துச் சாப்பிடுவார்.

மதினி அரசு அலுவலகம் ஒன்றில் ஒப்பந்தத்தில் கணினி வேலை பார்த்தார். தனியாக இருந்தார். கணவரைப் பற்றி மாமியார் கேட்டபோது கப்பலில் வேலை என்றார். பால்காரரிடம் துபாய் என்றார். என் கணவரிடம், "அதெல்லாம் முடிஞ்ச கதை தம்பி" என்றாராம். என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டால் என்ன நினைப்பாரோ என்றிருந்தது. கேட்காமலே இருந்தால் என்ன நினைப்பாரோ என்றும் இருந்தது.

வெளியே கிளம்பினால் கதவைப் பூட்டிச் சாவியை வாசல் ஆணியிலேயே தொங்கவிட்டுவிட்டுப் போவார். நான் அப்படி இல்லை. கதவைப் பூட்டிவிட்டு நாலடி போவேன். திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பேன். தெருமுனையில் மறுபடி சந்தேகம் வரும். கல்யாணத்துக்குப் பிறகு தபாலில் கணக்கு எம்.எஸ்ஸி. முடித்தவள் நான். ஒரு கதவு பூட்டியிருக்கிறதா இல்லையா என்பதை மட்டும் என்னால் ஒரே தடவையில் நிரூபிக்க முடியாது.

யாரிடமும் சொல்லாத பழக்கம் இன்னொன்றும் உண்டு. தர்ஷினி எட்டாம் மாதத்தில் பிறந்தவள். பன்னிரண்டு நாள் கண்ணாடிப் பெட்டியில் இருந்தாள். வீட்டுக்கு அனுப்பும்போது நர்ஸ், "மூச்சை மட்டும் அப்பப்பப் பாத்துக்கோங்க" என்றார். எதுவரைக்கும் என்று அவர் சொல்லவில்லை. விடியற்காலை பால் வாங்க எழும்போது அவள் மூக்குக்கு நேரே ஒரு விரலை வைத்துப் பார்ப்பேன். சூடாகக் காற்று வந்து படும். பிறகுதான் வாசல் தெளிக்கப் போவேன். அவளுக்குப் பதின்மூன்று வயது ஆனபோதும் பார்த்துக்கொண்டிருந்தேன். என் கணவருக்குக்கூடத் தெரியாது.

அந்தப் பதின்மூன்றாவது வயதில்தான் முதல் தூத்துக்குடிப் பயணம். எட்டாம் வகுப்புப் பரீட்சை முடிந்திருந்தது. அவளோடு படிக்கிறவர்கள் ஊட்டி, கொடைக்கானல் என்று கிளம்பிக்கொண்டிருந்தார்கள். நமக்கு அது முடியாது, அதிகச் செலவில்லாமல் சனி ஞாயிறு இரண்டு நாள் தூத்துக்குடி போய்வரலாம் என்று சொல்லியிருந்தேன். நோட்டில் எழுதியும் வைத்திருந்தேன். ஒன்று, பஸ் நேரம். இரண்டு, பூங்கா. மூன்று, முயல் தீவுக் கடற்கரை. நான்கு, ஞாயிறு காலை படகுகள் கரைக்கு வருவதைப் பார்த்தல். தண்ணீர் எத்தனை பாட்டில் என்பதுவரை எழுதியிருந்தேன். வியாழக்கிழமை என் மாமியாரின் கண் ஆபரேஷனைச் சனிக்கிழமைக்கு மாற்றிவிட்டார்கள்.

மதினி மாடிப்படியில் நின்றபடியே கேட்டார். "பிள்ள மூஞ்சி தொங்கிப் போச்சே. நான் கூட்டிட்டுப் போறேன்."

"எங்க தங்குவீங்க மதினி?"

"அங்கன நமக்கு ஆள் இருக்கு."

நான் யோசித்துச் சொல்கிறேன் என்பதற்குள் என் கணவர் சரி என்றுவிட்டார். தர்ஷினி பையைத் தோளில் மாட்டிவிட்டாள். நான் கட்டிக்கொடுத்த பையில் காய்ச்சல் மாத்திரை, குளுக்கோஸ், குடை, இரண்டு துண்டு, கொசுவத்தி, புளியோதரை எல்லாம் இருந்தது. மதினி அதைப் பிரித்துப் பார்த்து, "சோறு மட்டும் வரட்டும்" என்று பொட்டலத்தைத் தன் மஞ்சள் பைக்குள் போட்டுக்கொண்டார். மீதியைக் கீழ்ப்படியில் வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். அன்று முழுவதும் அந்தப் பை அங்கேயே இருந்தது. எடுத்து உள்ளே வைக்க எனக்கு மனம் வரவில்லை.

இரண்டு நாளில் பதினோரு தடவை போன் செய்தேன்.

"பிள்ள நல்லாருக்கா. இப்பப் பேச மாட்டா, வாய் நெறயப் பரோட்டா."

பின்னால் அவள் சிரிக்கிற சத்தம் கேட்டது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வெயிலில் கறுத்து, தலைமுடியெல்லாம் உப்புப் படிந்து வந்து இறங்கினாள். கதை கொட்டியது. பெண்களுக்கு டிக்கெட் இல்லாத ரோஸ் நிறப் பஸ்களிலேயே போனார்களாம். சாத்தான்குளத்திலிருந்து நாசரேத், நாசரேத்திலிருந்து ஏரல், ஏரலிலிருந்து தூத்துக்குடி. நேர் பஸ்ஸைவிட ஒன்றரை மணி நேரம் கூடுதல். "அவசரமா? கடல் எங்கன ஓடிப்போகப் போவுது?" என்றாராம் மதினி. டீக்கடையில் சங்கு குளிக்கிற ஒருவரிடம் முட்டுவலி விசாரிக்க, அவர் அரைமணி நேரம் உட்கார்ந்து, கடலுக்கு அடியில் மூச்சை எப்படி அடக்குவது என்று சொல்லிக்கொடுத்தாராம். எல்லாவற்றையும் சொன்னாள். ஆனால் என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. ஒவ்வொரு வரிக்கும் மதினியைத் திரும்பிப் பார்த்து, "அத்த, அத நீங்க சொல்லுங்க" என்றாள். நான் அடுப்படியில் தோசை சுட்டுக்கொண்டே கேட்டேன். திருப்பிப் போடும் சத்தத்தில் பாதி எனக்குக் கேட்கவில்லை. மறுபடி சொல்லச் சொல்லிக் கேட்கவும் முடியவில்லை.

அதன்பிறகு குளியலறையில் அவள் இருக்கும் நேரம் நீண்டது. கதவைத் தட்டினேன்.

"உள்ள என்ன செய்யுத?"

"வாளிக்குள்ள முகத்த முக்கி மூச்சு அடக்குதேன். முப்பத்தெட்டு செகண்டு."

ஒரு விடியற்காலை விரலை வைத்தேன். காற்று வரவில்லை. எண்ணினேன். வரவில்லை. தோளைப் பிடித்து உலுக்கினேன். அவள் மறுபக்கம் புரண்டு படுத்துக்கொண்டாள். அன்று பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது.

இனி என் மகளை எங்கேயும் கூட்டிப்போக வேண்டாம் என்று சொல்லிவிட முடிவு செய்தேன். என்ன சொல்ல வேண்டும் என்பதை நாலு தடவை மனதுக்குள் ஒப்பித்துவிட்டு மாடியேறினேன். மதினி தரையில் உட்கார்ந்து வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"வாங்க, இரிங்க. காலையிலேர்ந்து உங்க நெனப்புதான்."

இறங்கி வரும்போது என் வயிற்றில் அவர் செய்த ரவா உப்புமா இருந்தது. இரண்டாவது பயணத்துக்கு நான் சம்மதித்தும் இருந்தேன். கொய்யாப்பழக்காரியின் நினைவு அப்போதுதான் வந்தது.

இப்படி மூன்று தடவை போய்வந்தார்கள். சாயங்காலங்களில் மாடியிலிருந்து இருவரும் சிரிப்பது கூரை வழியாகக் கேட்கும். நான் ஏதாவது சாக்கு வைத்து ஏறிப்போவேன்; காய வைத்த வத்தல், கொடியில் துணி. படியில் என் கொலுசு கேட்டதும் சிரிப்பு நின்றுவிடும். என்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று நினைப்பேன். சே, அப்படி இருக்காது என்றும் நினைப்பேன். அதற்குப் பொறாமை என்று பெயர் வைக்க எனக்கு ரொம்ப நாள் ஆயிற்று. அதுவரை அக்கறை என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஒப்பந்தம் முடிந்ததும் மதினி காலிசெய்தார். அன்று என்னிடம் வாங்கிய பாத்திரங்களையெல்லாம் திருப்பிக் கொடுத்தார், ஒன்றில் முறுக்கு, ஒன்றில் ரவா லட்டு என்று எதுவும் வெறுமையாக இல்லாமல். எந்த ஊருக்குப் போகிறீர்கள் என்று கேட்டேன். "எங்க போனாலும் ஆள் இருக்கும்லா" என்றார். சில மாதங்களில் அந்தப் போன் எண் உபயோகத்தில் இல்லை என்றது. எனக்கு நிம்மதியாக இருந்தது. இதை எழுதாமல் விட்டால் நான் அவரைப் பற்றி எழுதுவதில் அர்த்தமில்லை. இனி தர்ஷினி கீழே என்னிடம் வந்துவிடுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

இந்த வருடம் அவள் பத்தாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் எடுத்தாள். திருநெல்வேலியில் ஹாஸ்டலோடு சேர்ந்த பள்ளி ஒன்றில் பதினொன்றாம் வகுப்புக்கு இடம் கிடைத்தது. திங்கட்கிழமைக்குள் படிவத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். அவளுக்கு விருப்பமா இல்லையா என்பது மட்டும் எனக்குத் தெரியவில்லை. எப்போது கேட்டாலும், "உன் இஷ்டம்" என்றாள். கோபமாகச் சொல்கிறாளா, வருத்தமாகச் சொல்கிறாளா என்று அந்த இரண்டு சொல்லை நான் பத்து நாள் ஆராய்ந்துகொண்டிருந்தேன்.

கடைசிச் சனி ஞாயிறை அவளோடு தனியாகக் கழித்தால் கேட்டுவிடலாம் என்று தோன்றியது. பழைய நோட்டை எடுத்தேன். பட்டியல் அப்படியே இருந்தது.

"தூத்துக்குடி போவோமா? நீயும் நானும்?"

அவள் நிமிர்ந்தாள். "ரோஸ் பஸ்லயா?"

"சரி."

"அத்தையோட தங்குன வீட்டுலயே தங்குவோம். நான் வழி காட்டுதேன்."

கடற்கரைச் சாலைக்குப் பின்னால் ஒரு சந்து. இரண்டு மாடி வீடு. கதவைத் திறந்த வீட்டுக்காரம்மாவுக்கு அறுபது வயது இருக்கும். கழுத்தில் சிலுவை, கையெல்லாம் மாவு. என்னை அவர் பார்க்கவே இல்லை.

"ஏட்டி, இம்புட்டு வளந்துட்டியே. எங்கட்டி உங்கம்மை?"

நான்தான் என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

"அவ வரலியா? இது யாரு?"

தர்ஷினி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வை என்ன கேட்டது என்பதை நான் புரிந்துகொள்வதற்குள் அவள் திரும்பிவிட்டாள்.

"சித்தி. அம்மாவுக்கு லீவு கெடைக்கல."

"அதான பாத்தேன், மூக்கு அப்படியே இருக்கே. வாங்கம்மா, உள்ள வாங்க. அக்காவுக்குத்தான் பிள்ளையோட சாயலே கெடையாது."

மாடி அறைக்குள் போனதும் கதவைச் சாத்தினேன்.

"என்ன சொன்ன?"

"மெதுவாப் பேசு. இங்க பொம்பளையாளு சின்னப் பிள்ளையோட வந்தா, பெத்த பிள்ளையா இருந்தாத்தான் ரூம். அதான் அத்தை அம்மான்னு சொல்லிட்டாங்க. நானும் கூப்பிட்டேன். ரெண்டு நாளுதான்."

"மூணு தடவ வந்திருக்க."

"அப்ப ஆறு நாளு."

அங்கன நமக்கு ஆள் இருக்கு என்று அவர் சொன்ன ஆளே என் மகள்தான் என்று அப்போது தோன்றியது. ஒரு பிள்ளையைப் பக்கத்தில் நிறுத்தினால் எந்தக் கதவும் திறக்கும். அந்தப் பிள்ளையை நான்தான் தலைவாரிப் பொட்டு வைத்து அனுப்பினேன்.

"நான் போய் உண்மையச் சொல்லிட்டு வாரேன்."

"சொல்லு. சித்தியச் சேத்துக்கிட்டாங்கல்லா, அம்மான்னா வேண்டாம்னா சொல்லப் போறாங்க? ஆனா அத்தை பொய்க்காரின்னு ஆயிரும். அவங்களுக்கு அத்தைய ரொம்பப் பிடிக்கும்."

படியில் இரண்டு அடி இறங்கினேன். கீழே அந்த அம்மா யாரிடமோ, "நம்ம பிள்ள வந்துருக்கா" என்று போனில் சொல்லிக்கொண்டிருந்தார். திரும்பி ஏறிவிட்டேன்.

அன்று சாயங்காலம் முயல் தீவுக் கடற்கரைக்குப் போனோம். துறைமுகத்துக்குள் நுழையக் காத்திருக்கும் கப்பல்கள் தூரத்தில் அசையாமல் நின்றன. மணலில் உட்கார்ந்தோம். வீட்டுக்காரம்மா அங்கே இல்லை. ஆனாலும் தர்ஷினி விடவில்லை.

"சித்தி, சுண்டல் வாங்கித் தாங்க."

என்னை அவள் நீ என்றுதான் சொல்வாள். 'தாங்க' என்றதும் சிரிப்பு வந்தது. வாங்கிக் கொடுத்தேன். பாதி தின்றபின் பொட்டலத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"சித்தி, எங்கம்மாவ உங்களுக்கு நல்லாத் தெரியும்லா?"

"கொஞ்சம்."

"அவங்ககிட்ட ஒன்னு சொல்லணும். நீங்க சொல்லிருங்க."

"நீயே சொல்லேன்."

"நான் சொன்னா அழுவாங்க. இல்லாட்டி உக்காந்து லிஸ்டு எழுதுவாங்க."

நான் கப்பலைப் பார்த்தேன்.

"எனக்கு அந்த ஸ்கூலுக்குப் போணும். ரொம்பப் போணும். ஆனா போணும்னு சொன்னா, நம்மள விட்டுட்டுப் போறதுக்கு இப்பிடித் துடிக்காளேன்னு நெனப்பாங்க. மாட்டேன்னு சொன்னா பொய். அதான் உன் இஷ்டம்னு சொன்னேன்."

"சொல்லிருதேன்."

"பதினோரு தடவ போன் பண்ணக்கூடாதுன்னும் சொல்லுங்க."

"எத்தன தடவ பண்ணலாம்?"

யோசித்தாள். "ரெண்டு."

"மூணுன்னு கேப்பாங்க."

"சரி, மூணு. அழாமக் கேக்கச் சொல்லுங்க சித்தி."

"அது உங்கம்மாவால முடியாது."

அவள் சிரித்தாள். கூரை வழியாக நான் கேட்டுக்கொண்டிருந்த அதே சிரிப்பு. அருகில் உட்கார்ந்து கேட்டால் அதன் முடிவில் ஒரு சின்ன விக்கல் இருப்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. மதினிக்கு அது எப்போதோ தெரிந்திருக்கும். திங்கட்கிழமை படிவத்தில் கையெழுத்துப் போட்டேன். அழுதது அதற்கப்புறம்தான்.

ஞாயிறு காலை ஐந்தரை மணிக்கே அவளை எழுப்பினேன். பட்டியலில் நாலாவது, படகுகள். கரைக்குப் போனால் படகெல்லாம் ஏற்கெனவே வரிசையாக நின்றன. வலையில்லை, கூடையில்லை, ஒரு காக்கை தவிர ஆளில்லை. அரைமணி நேரம் காத்திருந்தோம். சலவைச் சட்டை போட்ட ஒருவர் வேகமாக நடந்து வந்தார்.

"என்னம்மா தேடுதிய?"

"படகு எப்ப வரும்?"

"ஞாயித்துக்கிழம எவன் தொழிலுக்குப் போவான்? பூசைக்குல்லா போவான். உங்களுக்கு எந்த ஊரு?"

"சாத்தான்குளம்."

"அதான பாத்தேன்" என்று மாதா கோவிலைப் பார்த்து நடந்தார்.

"அத்தையோட வந்தப்ப சனிக்கிழமையே பாத்துட்டோம்" என்றாள் தர்ஷினி. குற்றமாகச் சொல்லவில்லை. எனக்குத்தான் காது சுட்டது. எத்தனை பாட்டில் தண்ணீர் என்று எழுதியவள், கடலுக்கு லீவு உண்டா என்று ஒருவரிடம் கேட்டிருக்கலாம்.

வீட்டுக்குத் திரும்பினால் வீட்டுக்காரம்மா முதல் பூசை முடிந்து வந்து இடியாப்பம் பிழிந்துகொண்டிருந்தார். தர்ஷினி குளிக்கப் போனாள். என்னை அடுப்படியில் முக்காலி போட்டு உட்காரவைத்தார்.

"உங்கக்கா பாவம்மா. மொதத் தடவ வந்தப்ப நான் ரூம் இல்லன்னுட்டேன். சாயலே இல்ல. எவ பிள்ளையையோ இழுத்துட்டு வந்துருக்கான்னு எனக்குச் சந்தேகம். சரி, வெயில் தாழுற வரைக்கும் முத்தத்துல உக்காருங்கன்னேன். ரெண்டு பேரும் என்னமோ குசுகுசுன்னு பேசிக்கிட்டாவ. பொறவு பாத்தா, பிள்ள சடைய அவுத்துத் திரும்பப் பின்னுதா. தண்ணி குடிச்சியா, தண்ணி குடிச்சியான்னு நாலு தடவ கேக்கா. வாசக்கதவச் சாத்திட்டு நாலடி போயி, திரும்பி வந்து இழுத்துப் பாக்கா. எங்க வீட்டுக் கதவ. அப்பத்தான் நம்புனேன். இந்தப் பைத்தியம் பெத்தவளுக்குத்தான் இருக்கும்."

நான் வாழை இலையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். துடைத்த இலையையே மறுபடி துடைத்தேன்.

"இன்னொன்னு கேளுங்க. நான் விடியமுன்ன பூசைக்குக் கெளம்பையில மாடிக்குத் தண்ணி கொண்டு வச்சேன். காத்துக்குக் கதவத் தெறந்து போட்டுருந்தா. பிள்ள மூக்குக்கு நேரா வெரல வச்சுக்கிட்டு உக்காந்துருக்கா. ரொம்ப நேரம். நான் பாக்கது அவளுக்குத் தெரியாது. அப்படியே சத்தம் போடாம எறங்கி வந்துட்டேன்."

சடையும் தண்ணியும் கதவும் வீட்டுக்காரம்மா பார்ப்பதற்காகச் செய்தது. அது எனக்குப் புரிந்தது. யாரும் பார்க்காத நேரத்தில் அந்த விரலை ஏன் வைத்தார்? சொதிக் குழம்பை எடுத்துக்கொண்டார், என் கணவரின் சிரிப்பை எடுத்துக்கொண்டார், இதையும் விட்டுவைக்கவில்லையே என்றுதான் முதலில் வந்தது. அதன் பின்னால், கல்யாணப் படம், பிள்ளைப் படம் எதுவும் மாட்டாத மதினியின் மாடிவீட்டுச் சுவர் ஞாபகம் வந்தது. முதலில் வந்தது போகவில்லை. இரண்டும் சேர்ந்தே இருந்தன.

"எனக்கு முட்டுவலின்னு அவளுக்கு எப்படித்தான் தெரிஞ்சுதோ" என்றார் வீட்டுக்காரம்மா. "வந்து நின்னதும் அதத்தான் கேட்டா. அடுத்த தடவ அவளயும் கூட்டிட்டு வாங்க."

"அக்காட்ட சொல்லுதேன்" என்றேன்.

தூத்துக்குடியிலிருந்து ஏரல் போகும் ரோஸ் பஸ்ஸில் ஜன்னலோரம் அவள், பக்கத்தில் நான். வெளியே உப்பளங்கள் கண்ணைக் கூசவைத்தன. கொஞ்ச தூரம் போனபின் கேட்டேன்.

"சடை, தண்ணி, கதவு எல்லாம் அத்தைக்கு நீதான் சொல்லிக்குடுத்தியா?"

"வீட்டுக்காரம்மா சொல்லிட்டாங்களா?" என்று திரும்பினாள். "அவங்க நம்பலல்லா. அத்தைக்கு அம்மான்னா என்ன செய்யணும்னு தெரியல. உங்கம்மா என்னெல்லாம் செய்வா, சீக்கிரம் சொல்லுன்னாங்க. சொன்னேன். அப்புறம் மாடியில அடிக்கடி செஞ்சு காட்டுவாங்க. அதான் சிரிப்போம்."

"மூக்கும் சொன்னியா?"

அவள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"அது உனக்குத் தெரியுமா?"

"சின்னப் பிள்ளையிலேர்ந்து தெரியும். உன் வெரல்ல எப்பவும் வெங்காய வாசம் இருக்கும்."

"அப்ப அன்னைக்கு மூச்சு வராதது?"

"அடக்கிப் பாத்தேன். முப்பத்தெட்டு வரைக்கும் இருந்திருப்பேன். நீ முப்பதுலயே உலுக்கிட்ட."

ஏரலில் இறங்கி நாசரேத் பஸ்ஸில் ஏறினோம். காலையில் சீக்கிரம் எழுப்பிய களைப்பு. உட்கார்ந்ததுமே என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். பஸ் ஆற்றுப் பாலத்தில் ஏறியபோது ஈரக்காற்று வந்தது. கண்டக்டர் முன்பக்கம் யாருடனோ சில்லறைக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். யாரும் என்னைப் பார்க்கவில்லை. விரலை மெதுவாக அவள் மூக்குக்கு நேரே கொண்டுபோனேன்.

"இருக்கேன்" என்றாள், கண்ணைத் திறக்காமல்.

விரலை எடுக்கவில்லை. சூடாகக் காற்று பட்டுக்கொண்டிருந்தது. அப்படியானால் மதினியின் விரல் வந்த விடியற்காலையிலும் இவள் விழித்துத்தான் இருந்திருப்பாள். அவர் விரலில் என்ன வாசம் இருந்தது, அவருக்கும் 'இருக்கேன்' என்று சொன்னாளா என்று கேட்க, நாசரேத் வரும்வரை நேரம் இருந்தது. நான் கேட்கவில்லை.